சாகக்கூடாது என்று ஊதிய சங்கு

சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் ஒரு முழு நாள் அந்த வீட்டில் சும்மா உட்காருங்கள் என்று நான் சொன்னால், புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறீர்கள். போன வாரம் ஒரு தங்கை கேட்டேவிட்டாள். "ஐயா, என்ன சோறு, எத்தனை வேளை, என்ன மருந்துன்னு அவங்களே எழுதிக் குடுத்துடறாங்க. அப்புறம் எதுக்கு ஒரு நாள் வேஸ்ட் பண்ணணும்?"

நல்ல கேள்வி. அன்றைக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். பதில் நீளமானது. எழுதித் தருகிறேன், எல்லாரும் படியுங்கள். எழுத்து முன்னே பின்னே இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், ஆள் ஊருக்குப் போன வீட்டில் தங்கி, அந்த வீட்டு நாயையும் பூனையையும் பார்த்துக்கொள்வதையே தொழிலாக வைத்துப் பிழைத்த முதல் ஆள் நான்தான். இல்லை, வேறு ஒருவர் இருந்தார் என்று யாராவது சொன்னால் என் எதிரில் வந்து சொல்லட்டும். அப்போது இந்தத் தொழிலுக்குப் பெயரே கிடையாது. "இன்னா வேல பண்றே?" என்று கேட்பார்கள். "வூடு பாத்துக்கறேன்" என்பேன். "யாரு வூடு?" என்பார்கள். "நாயி வூடு" என்பேன். சிரித்தவர்கள் எல்லாம் பிற்பாடு என்னிடம் சாவி கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார்கள்.

நான் காசிமேட்டுக் கட்டுமரக்காரர் மகன். ஆனால் எனக்குக் கடல் ஆகாது. கரை மறைந்தால் குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தி வரும். என் நைனா மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் நடுக்கடலில், "மீன் புடிக்கத்தான் உன்ன இட்டாந்தேன். மீனுக்குத் தீனி போட இல்ல" என்று சொல்லிவிட்டார். மறுநாள் முதல் கரையோடு நின்றுவிட்டேன். ராயபுரத்தில் துறைமுக அதிகாரி ஒருவர் வீட்டில் தோட்ட வேலை கிடைத்தது. அவர் ஒரு மாதம் லீவில் போனபோது இரண்டு நாய்களையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் நாய்கள் அவரைவிடப் பளபளவென்று இருந்தன. அந்தப் பேச்சு துறைமுகத்திலிருந்து ரயில்வேக்குப் போய், ரயில்வேயிலிருந்து கம்பெனிக் குடியிருப்புகளுக்குப் போனது. ஐந்தாறு வருஷத்தில், ஏகாம்பரம் கைபட்டால் எந்த நாயும் சாப்பிடும் என்று ஊரே சொல்ல ஆரம்பித்தது. ஊர் சொன்னதோ இல்லையோ, நான் சொன்னேன். அதிகமாகவே சொன்னேன்.

அந்தத் திமிர் உச்சத்தில் இருந்த சமயத்தில்தான் லாசர் போர்மேன் வீட்டுச் சாவி என் கைக்கு வந்தது.

லாசர் திருவொற்றியூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் போர்மேன். கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. முன்பக்கம் ஒரு இரும்பு கேட், பின்பக்கம் ஒரு சந்து. கணவன், மனைவி இரண்டே பேர். பிள்ளை கிடையாது. சீசர் என்று ஒரு நாய், பாதி அல்சேஷன், பாதி திருவொற்றியூர். லாசருக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேலூர் போய் மூன்று வாரம் தங்க வேண்டும். மனைவி மேரியம்மாவும் கூடப் போகிறார்.

டாக்ஸி வாசலில் நிற்கிறது. லாசர் என்னை ஓரமாக அழைத்தார்.

"ஏகாம்பரம், இவன் சோறு துன்றதுல ஒரு விஷயம் கீதுபா. சாயங்காலத்துல..."

நான் அவரை முடிக்க விடவில்லை. "சார், நீங்க ஒடம்ப பாருங்க. என் கையால சோறு துன்னாத நாய நான் இன்னும் பாக்கல."

"அதில்லபா..."

"சார், டாக்சிக்காரன் ஆரன் அடிக்கறான். போய்ட்டு வாங்க சார்."

அவர் வாயை மூடிக்கொண்டார். நல்ல மனுஷர். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடி வழியாக ஒன்று மட்டும் சொன்னார். "நான் வரும்போது அவன் கேட்ல இருக்கணும்பா. அத்த நெனச்சிக்கினுதான் கத்திக்குக் கீய படுக்கப் போறேன்."

முதல் நான்கு நாள் ராஜயோகம். அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரே வேளை, சாயங்காலம்தான். உப்பில்லாமல் வேகவைத்த மீனை முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து வைப்பேன். ஞாயிறு உட்பட தினமும் சாயங்காலம் நாலரைக்குக் கம்பெனி சைரன் ஊதும். சீசர் கேட்டுக்கு ஓடுவான். தெருவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான். பிறகு திரும்பி வந்து தட்டைத் துடைத்து வைப்பான். எதிர் வீட்டுக் கன்னியம்மா, மீன் கூடை சுமந்து விற்றுவிட்டு வருகிறவள், கேட்டருகில் நின்று பார்ப்பாள். "பாத்தியா கா கைப்பக்குவத்த?" என்பேன்.

ஐந்தாம் நாள் கம்பெனியில் கதவடைப்பு. சம்பளத் தகராறு நடந்துகொண்டிருந்தது. பேச்சு முறிந்து, நிர்வாகம் கேட்டில் பூட்டுப் போட்டுவிட்டது. தொழிலாளிகள் கேட்டுக்கு எதிரில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இது அவர்கள் விவகாரம், நமக்கென்ன என்று நான் மீன் வாங்கப் போனேன்.

அன்று சாயங்காலம் சீசர் சோற்றைத் தொடவில்லை.

முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தாழ்வாரத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தான். மீன் பிடிக்கவில்லை போல என்று மறுநாள் ஆட்டு எலும்பு வாங்கி வேகவைத்தேன். தொடவில்லை. அதற்கு மறுநாள் ஈரல் வைத்தேன். பாலில் பன்னை ஊற வைத்தேன். என் மடியில் தலையை வைத்து ஊட்டிப் பார்த்தேன். மரியாதைக்கு என் விரலை ஒரு தடவை நக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டான். தண்ணீர் மட்டும் குடித்தான். மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தேன். வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "நோய் ஒன்னும் இல்லய்யா. ஏக்கமா இருக்கும். இப்படியே விட்டா ஒரு வாரம் தாங்கறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கன்னியம்மா ஒரே போடாகப் போட்டாள். "நீதான் வாய வச்ச. கைப்பக்குவம் கைப்பக்குவம்னு. கண்ணு பட்டுச்சி." மிளகாய் சுற்றிப் போட்டாள். அந்தப் புகையில் நானும் நாயும் இருமியதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் பட்டினியின்போது வேலூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. மேரியம்மா எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். சீசர் சாப்பிடுகிறானா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார், உடனே ஒரு வரி எழுதவும் என்று இருந்தது.

ஒரு கார்டு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பிடுகிறான் என்று எழுதினால் பொய். சாப்பிடவில்லை என்று எழுதினால், அந்த மனுஷர் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு கத்திக்குக் கீழே படுக்க வேண்டும். பேனாவை மூடி வைத்தேன். நாயைப் பார்த்தேன். விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. என் பெயர், என் பெருமை எல்லாம் அப்போது நினைவிலேயே இல்லை. இந்த ஜீவன் கேட்டில் நிற்காமல் போனால் லாசர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்பது ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் பெரிய ரோட்டில் ஒரு சாவு ஊர்வலம் போனது. நான் தாழ்வாரத்தில் இருந்தேன். தெருமுனையில் ஊர்வலம் திரும்பும்போது சங்கு ஊதினார்கள். நீளமாக, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம்.

சீசர் எழுந்தான்.

நான்கு நாளாகத் தலையைத் தூக்காதவன், காதை விடைத்துக்கொண்டு, கால் தள்ளாட, கேட்டுக்குப் போனான். தெருவைப் பார்த்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, தட்டு இருக்கும் இடத்தைப் பார்த்தான். தட்டு அங்கே இல்லை. சாப்பிடாத நாய்க்குத் தட்டு எதற்கு என்று நான்தான் எடுத்து வைத்திருந்தேன். ஓடிப்போய் இருந்த சோற்றைப் போட்டு வைத்தேன். நான்கு வாய் தின்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கைப்பக்குவமும் இல்லை, மண்ணும் இல்லை. ஏழு வருஷமாக, சைரன் ஊதினால் லாசர் வருவார், லாசர் வந்தால் சோறு. ஓவர்டைம் இருக்கிற நாளில் அவர் வரத் தாமதமாகும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேரியம்மா சோறு வைத்துவிடுவார். ஆக, இவனுடைய சாயங்காலத்தைத் திறந்துவிடுகிற சாவி அந்தச் சைரன். கதவடைப்பில் பாய்லர் அணைந்துவிட்டது, அதன் நீராவியில் ஊதுகிற சைரனும் நின்றுவிட்டது. இவனைப் பொறுத்தவரை நான்கு நாளாகச் சாயங்காலமே வரவில்லை. வராத சாயங்காலத்தில் எப்படிச் சாப்பிடுவான்? இதைத்தான் லாசர் சொல்ல வந்தார். நான்தான் டாக்ஸி ஆரனைக் காட்டி வாயை அடைத்தேன்.

கேட்டைச் சாத்திவிட்டு ஊர்வலத்தின் பின்னால் ஓடினேன். பிடித்தும் விட்டேன். ஆனால் பிணத்துக்கு முன்னால் போகிற சங்குக்காரரிடம் நாயைப் பற்றி எப்படிப் பேசுவது? சரி, முடியட்டும் என்று கூட்டத்தோடு நடந்தேன். தண்டையார்பேட்டை போய், வண்ணாரப்பேட்டை போய், மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் நடந்தேன். வழியில் யாரோ ஒருவர், "கொஞ்சம் தோள் குடு நைனா" என்று பாடையின் ஒரு முனையை என் தோளில் வைத்துவிட்டார். இறந்தவர் யார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நல்ல கனமான ஆள்.

எல்லாம் முடிந்து சங்குக்காரர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் வயதுதான் இருக்கும். சங்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"நாளைக்கி சாயங்காலம் நாலரைக்கு வர முடியுமா?" என்றேன்.

"எந்த வூடு? யாரு செத்தாங்க?"

"யாரும் சாவல."

"சாவப் போறாங்களா?"

"ஒரு நாயி..."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நாயிக்கெல்லாம் நான் ஊதறதில்ல மாமு."

"செத்துப் போச்சின்னு ஊதக் கூப்டல. சாவக்கூடாதுன்னு ஊதக் கூப்டறேன்."

நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. முடித்ததும் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பத்து வருசமா ஊதறேன். இந்த சங்கக் கேட்டு எவனும் எய்ந்து ஒக்காந்தது இல்ல. வரேன் நைனா. அந்த அதிசயத்த நானும் பாக்கறேன்."

கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். தொழிலில் நான் கேட்ட பாடங்களில் இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. "சாவு வூட்ல பாரு. நான் போற வரைக்கும் ஜனம் சும்மா குந்தி ஊர் கத பேசிக்கினு இருக்கும். நான் ஊதினேன்னா அழுவும். துக்கம் இல்லாமலா இருந்துச்சி? இருந்துச்சி. ஆனா எதுக்கும் ஒரு ஆரம்பம் வோணும்ல?" அவர் பெயரை நான் கேட்கவில்லை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலூரில் ஆபரேஷன் நாள். சரியாக நாலரைக்கு வந்துவிட்டார்.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். சாவுச் சங்கை உயிரோடு இருக்கிறவர் வீட்டில் ஊதலாமா என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். லாசர் வேதக்காரர், கிறிஸ்தவர். அவர்கள் சாவுக்குக் கோயில் மணிதான் அடிப்பார்கள், சங்கு கிடையாது. ஆகையால் இந்த வீட்டுக்கு இது வெறும் சத்தம்தான் என்று முடிவு கட்டினேன். மூன்றாம் வகுப்பு மூளைக்கு அது பெரிய வக்கீல் வாதமாகப் பட்டது.

அவர் தாழ்வாரத்துத் தூண் பக்கம் நின்று ஊதினார். சீசர் எழுந்து கேட்டுக்குப் போய் உட்கார்ந்தான். நான் சோற்றுத் தட்டோடு நிற்கிறேன். எதிர் வீட்டிலிருந்து ஒரு அலறல்.

"ஐயோ, போர்மேன் பூட்டாரே! ஆப்ரேசன்லயே பூட்டாரே!"

கன்னியம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தெருவில் வந்து விழுந்தாள். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அந்த அலறல் பந்தல் வரைக்கும் கேட்டிருக்கிறது. தொழிலாளிகள் திமுதிமுவென்று ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவன் தங்கவேலு. லாசர் கையில் வேலை பழகியவன், பந்தலில் அவன் பேச்சுக்குத்தான் மதிப்பு. வரும்போதே தலைப்பாகையை அவிழ்த்துவிட்டான். "எண்ணூர்ல கீற அவரு தம்பிக்கு சொல்லணும், வேலூருக்கு ஒரு தந்தி குடுக்கணும்" என்று யாரோ சொல்ல, ஒருவன் போஸ்டாபீஸ் பக்கம் ஓடுவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்தும் முடியாமலும் இருக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கும் மேரியம்மா கையில், உங்கள் கணவர் இறந்ததற்கு வருந்துகிறோம் என்று ஒரு தந்தி போய் விழுந்தால் என்ன ஆகும்? ஓடுகிறவனை நிறுத்த வேண்டும். கத்தினால் நிறுத்தலாம். ஆனால் கேட்டுக்கு இந்தப் பக்கம் சீசர் உட்கார்ந்திருக்கிறான். முந்தின நாள் நான்கு வாய் தின்றதோடு சரி. இப்போது அவனைக் கலைத்துவிட்டால், அந்தச் சத்தத்தின் மேல் அவனுக்கு இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். பிறகு எதை ஊதினாலும் எழுந்திருக்க மாட்டான்.

நான் கத்தவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டைக் கீழே வைத்தேன். மெதுவாகப் போய் சீசர் பக்கத்தில் குந்தினேன். அவன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, கேட் கம்பி வழியாகத் தங்கவேலுவை மட்டும் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"தங்கவேலு, லாசர் சார் சாவல. தந்தி குடுக்கப் போறவன நிறுத்து. மத்தத அப்புறம் சொல்றேன்."

எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் தாழ்ந்த குரலில் பேசினால், அது என்ன என்று கேட்பதற்காகவே கூட்டம் வாயை மூடும். தங்கவேலு ஒரு சைக்கிள்காரனை விரட்டினான். தந்தி கொடுக்க ஓடியவன் போஸ்டாபீஸ் படியில் பிடிபட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

"அப்ப இன்னாத்துக்குயா சங்கு?" என்றான் தங்கவேலு.

"ரெண்டு நிமிசம். யாரும் பேசாம நில்லுங்க. இவனப் பாருங்க."

தெரு முழுக்க நின்றது. கன்னியம்மாகூட அழுகையை வாயில் முந்தானையை வைத்து அடக்கிக்கொண்டாள். சீசர் அத்தனை கால்களுக்கும் நடுவில் ஒரு ஜோடிக் காலைத் தேடினான். கிடைக்கவில்லை. எழுந்தான். திரும்பினான். தட்டிடம் போனான். குனிந்தான்.

அவன் சாப்பிடுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டுத் தட்டை மூக்கால் தள்ளினான்.

சைரன் விஷயத்தை நான் சொல்லி முடித்ததும் தங்கவேலு குனிந்து சீசரைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். "அஞ்சு நாளா நாமதான் அந்த சைரனுக்குக் காத்துகினு கீறோம்னு நெனச்சேன். இதுவும் நம்ம கூட பட்டினி கெடந்துகீது பாருடா."

கன்னியம்மா அதற்குள் தலையை முடிந்துகொண்டாள். துக்கம் போனதும் கோபம் வந்துவிட்டது. "ஏண்டா பாவி, உயிரோட கீற மனுசன் வூட்ல சாவு சங்கா? இன்னொரு தபா ஊதினே, மண்டைய ஒடச்சிடுவேன்!"

"வேதக்காரங்க வூடுதானே கா, அவங்களுக்குத்தான் சங்கு கெடையாதே..."

"சங்கு வூட்டுக்காடா ஊதுது? தெருவுக்கு ஊதுது!"

என் வக்கீல் வாதம் அங்கேயே செத்தது. மீன் விற்கிறவள் சொன்னது அது. நாம் தங்குவது ஒரு வீட்டில் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த வீடு ஒரு தெருவில் இருக்கிறது. தெருவைக் கேட்காமல் ஒன்றும் செய்யாதீர்கள்.

ஆனால் நாளைக்கு என்ன செய்வது? இங்கே ஊதக்கூடாது. ஊதாவிட்டால் நாய் சாப்பிடாது. சங்குக்காரர் என்னைப் பார்த்தார். நான் தங்கவேலுவைப் பார்த்தேன். தங்கவேலு முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாக ஏறியது.

"நம்ம பந்தலுக்கு வந்து ஊது நைனா. கம்பெனி கேட்டப் பாத்து ஊது. அங்கதான் ஊத வேண்டியது கீது. காத்து கடல்லருந்துதான அடிக்குது, இங்க வரைக்கும் சோக்கா கேக்கும்."

அந்தப் பட்டினிக் கூட்டம் ஒரே சமயத்தில் சிரித்தது. கன்னியம்மாவும் சிரித்தாள்.

நான் உள்ளே போய்க் கார்டை எடுத்தேன். "சீசர் சாப்பிடுகிறான்" என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். சங்கு விவகாரம் ஒன்றும் எழுதவில்லை. தையல் போட்டிருக்கிற மனுஷரைச் சிரிக்க வைப்பது பாவம்.

மறுநாளிலிருந்து தினமும் நாலரைக்கு, பூட்டிக் கிடந்த கம்பெனி கேட்டைப் பார்த்துச் சாவுச் சங்கு ஊதியது. சீசர் கேட்டுக்குப் போவான், உட்காருவான், வந்து சாப்பிடுவான். கம்பெனி மாடியில் அந்த நேரத்துக்கு ஜன்னல்களைச் சாத்தினார்கள். இரண்டாம் நாளே ஒரு போலீஸ்காரர் பந்தலுக்கு வந்து, "யாருக்கு ஊதற?" என்று அதட்டியிருக்கிறார்.

"நாயிக்கு சார்" என்றாராம் சங்குக்காரர்.

"எந்த நாயிக்கு?"

பந்தல் முழுக்க விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அவர் சத்தியத்தைத்தான் சொன்னார். போலீஸ்காரர் நம்பவில்லை. கடைசியில் தங்கவேலு அவரைக் கையோடு கூட்டி வந்து சீசரைக் காட்டினான். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "சீக்கிரம் ஊதி முடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது நாள் அப்படி ஓடியது. பத்தாம் நாள் பேச்சு முடிந்து கேட் திறந்தது. பாய்லரில் நெருப்புப் போட்டு, சாயங்காலம் நாலரைக்குச் சைரன் ஊதியபோது தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள். அன்றைக்கும் சங்குக்காரர் வந்திருந்தார். சைரன் அடங்கும் வரைக்கும் நின்றார். சங்கைத் துண்டில் சுற்றினார். "என்னவிட தம் ஜாஸ்திதான் அதுக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். பிற்பாடு எங்காவது சாவு ஊர்வலத்தில் எதிர்ப்பட்டால், முன்னால் போகிறவர் ஊதுவதை நிறுத்தாமலேயே என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். தோஸ்து சாப்பிடுகிறானா என்று அர்த்தம். நான் தலையை ஆட்டுவேன்.

அதற்குப் பிறகுதான் என் சட்டத்தை வைத்துக்கொண்டேன். சாவி வாங்குவதற்கு முன்னால் ஒரு முழு நாள். கையில் ஒன்றும் எடுத்துக்கொண்டு போக மாட்டேன். ஒரு மூலையில் உட்கார்ந்து, எந்தச் சத்தத்துக்கு அந்த ஜீவன் காதைத் தூக்குகிறது என்று பார்ப்பேன். ஒரு வீட்டில் பால்காரன் சைக்கிள் மணி. ஒரு வீட்டில் ரயில். ராயபுரத்தில் ஒரு பூனைக்கு, வீட்டுக்கார அம்மா வளையலைக் கழற்றி மேஜையில் வைக்கிற சத்தம். கேட்டால் அவர்களுக்கே தெரியாது. தெரியாததை அவர்கள் எப்படி எழுதிக் கொடுப்பார்கள், தங்கையே? லாசர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் சொல்ல வந்தபோது நான் பேசிக்கொண்டிருந்தேன்.

லாசர் திரும்பி வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். சைரன் திரும்ப ஊத ஆரம்பித்து மூன்று நாள் ஆகியிருந்தது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு டாக்ஸி வந்து நின்றது. சீசர் கேட்டில்தான் இருந்தான். அவன் குதித்த குதியில் லாசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாடா, தையலு, தையலு" என்று கத்திக்கொண்டே அழுதார். உள்ளே கொண்டு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தோம். சீசர் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு அசையவில்லை. மேரியம்மா டீ போட்டார். எதிர் வீட்டிலிருந்து கன்னியம்மா வந்து, தான் தெருவில் விழுந்து புரண்டதை நடித்துக் காட்டினாள். நான் சங்குக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். லாசர் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு சிரித்தார்.

நாலரைக்குச் சைரன் ஊதியது.

சீசர் மடியிலிருந்து தலையை எடுத்தான். லாசரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் கேட்டுக்கு ஓடி, தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். மூன்று மணி நேரம் யார் மடியில் கிடந்தானோ, அவருக்காகத்தான் அங்கே போய்க் காத்துக்கொண்டிருக்கிறான்.

மேரியம்மா, "டேய் சீசர், அப்பா இங்க கீறாருடா" என்று கூப்பிட்டார். அவன் காதுகூட அசையவில்லை.

லாசர் என்னைப் பார்த்தார். "இத்தத்தான்பா அன்னிக்கு சொல்ல வந்தேன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று மேரியம்மா தடுத்தார். அவர் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு என் தோளைப் பிடித்தார். இரண்டு பேரும் பின்பக்கக் கதவு வழியாகச் சந்தில் இறங்கினோம். ஒவ்வோர் அடியாக வைத்துச் சந்தைச் சுற்றி, கம்பெனிப் பக்கத்துத் தெருமுனைக்கு வந்தோம். அங்கே என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தெருவில் தனியாக நடந்தார்.

சீசர் எழுந்து நின்றான். வால் ஆடியது.

மத்தியானத்திலிருந்து வீட்டுக்குள்ளேயே இருந்த மனுஷர் அப்போதுதான் வீட்டுக்கு வந்தார்.